ஒரே தையல் மேசையில் டேனிஷும் தகலாகும்

"கஸ்தூரி, உனக்கு இங்கிலீஷே வராது. டென்மார்க் போய் இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார் எங்கள் கம்பெனி மேனேஜர் பாபு சார்.

"தைக்கப் போறேன் சார்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். ஷூவில் அடிப்பாகம் போக மேலே இருக்கும் தோல் பாகத்துக்கு அப்பர் என்று பேர். எட்டாவதோடு நின்றேன். அதற்குக் காரணம் சொல்ல இது இடமில்லை.

எங்கள் லைனில் ஐம்பது பெண்கள். ஆர்டர் கம்மியாகி லைனை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்போது டென்மார்க்கில் இருக்கிற கம்பெனி ஒன்று புது மாடல் கொண்டுவந்தது. அதை எங்களிடமும் தைக்கலாம், பிலிப்பைன்ஸில் மரிகினா என்ற ஊரிலும் தைக்கலாம். மரிகினாவும் எங்களை மாதிரியே ஷூவை நம்பிப் பிழைக்கிற ஊர். இரண்டு பக்கமும் ஒரு தையல்காரியை அனுப்பச் சொன்னார்கள். அங்கே சாம்பிள் ரூமில் உட்கார்ந்து தைக்க வேண்டும். யார் தையல் சுத்தமாகவும் வேகமாகவும் இருக்கிறதோ, அந்த ஊருக்கு மொத்த ஆர்டரும்.

நான் தோற்றால் லைன் திறக்காது. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் வழியில் பார்த்தது.

பாபு சார் இங்கிலீஷ் பேசுகிற பெண்ணைத்தான் அனுப்ப நினைத்தார். அந்தப் பெண்ணிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எடுத்து, போகாமல் பெட்டியில் போட்டு வைத்தது. அதனால் நான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நசீமா வந்தாள். லைனில் பதினைந்து வருஷமாக என் பக்கத்து மெஷின். ஒரு பை நிறையப் புளியும் மிளகாய்த்தூளும் கொடுத்தாள்.

"அங்க சோறு கெடைக்குமான்னே தெரியாது. புளி இருந்தா எதையும் முழுங்கிடலாம்," என்றாள். பிறகு, "அந்த பிலிப்பைன்ஸ்காரிய ஒரு கை பாத்துட்டு வா தோஸ்த். ஐம்பது பேர் உன்ன பாத்துக்கினு இருக்கோம்."

"பாத்துட்டு வர்றேன்," என்றேன்.

போய்ச் சேர்ந்த ஊர் சின்னது. ரோட்டில் ஆள் இல்லை. காற்று மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் காற்றடித்தால் எந்தத் தொட்டியில் தோல் ஊறுகிறது என்று மூக்கு சொல்லும். அங்கே மூக்குக்கு வேலையே இல்லை. பாலாற்றில் தண்ணீர் பார்த்து நாளாயிற்று. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். குடிக்க முடியாத கடல் தண்ணீர் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கம்பெனி வீட்டில் எனக்கு ஒரு அறை. சமையல்கட்டில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். குள்ளம். காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

"ஈட்? யூ ஈட்?" என்று கேட்டார்.

அவர்தான் மரிகினாக்காரி. பேர் நெனிதா. அரிசிக் குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதை அந்த அம்மாள் விமானத்தில் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு கை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். முதல் வேலையாக அவர் கையால் சாப்பிட்டேன். என்ன செய்ய, பசித்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிக்கல். அவரை என்னவென்று கூப்பிடுவது? வயது தெரியாமல் எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதே சிக்கலில்தான் இருந்தார் போலிருக்கிறது. விரலைக் காட்டிக் கேட்டார். நானும் விரலைக் காட்டினேன். அவர் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர்.

"ஆதே," என்று தன் மார்பைத் தொட்டுச் சொன்னார். அவர்கள் பாஷையில் அக்கா.

"அக்கா," என்றேன்.

"அக்கா, ஆதே. ஆதே, அக்கா," என்று சொல்லிச் சிரித்தார். தங்கைக்கு எங்கள் பாஷையில் என்ன என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்காச்சி.

அவர் பாஷைக்குத் தகலாக் என்று பேர். அதில் பெரியவர்களிடம் பேசும்போது 'போ' என்று ஒன்றைக் கடைசியில் சேர்ப்பார்கள். நாம் 'ங்க' சேர்க்கிற மாதிரி. நன்றி என்பதற்கு சலாமத். பெரியவர்களுக்கு சலாமத் போ. பிலிப்பைன்ஸ் எங்கே, ஆம்பூர் எங்கே. மரியாதையை வார்த்தையின் வாலில் கட்டுகிற பழக்கம் மட்டும் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

மறுநாள் சாம்பிள் ரூம். அதற்குத் தலைவன் யென்ஸ். உயரமான ஆள். தலை முழுக்க வெள்ளை. எழுந்து நின்று கும்பிட்டேன். "குட் மார்னிங் சார்," என்றேன். நெனிதா அக்காவும் சார் என்றார்.

"சார் வேண்டாம். யென்ஸ் என்று கூப்பிடு," என்றான்.

அங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'டு'. டு என்றால் நீ. தரை துடைக்கிறவர் யென்ஸுக்கு டு. யென்ஸ் முதலாளிக்கு டு. முதலாளிக்கும் யென்ஸ் டு. டேனிஷில் 'நீங்க' என்பது ஒரு காலத்தில் இருந்ததாம். இப்போது அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். நெனிதா அக்காவுக்குக் கடைசிவரை இது வரவில்லை. "யென்ஸ் சார்" என்றே கூப்பிட்டார். எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது. மரியாதை வேண்டாம் என்று அவர்களே சொன்ன பிறகு நான் எதற்குச் சுமக்க வேண்டும்? இந்தக் கட்டுரையிலும் யென்ஸை அவன் என்றுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். அவன் கோபிக்க மாட்டான்.

பேசிப் புரிந்துகொள்ள ஒரு போன் கொடுத்தார்கள். அதில் தமிழில் பேசினால் டேனிஷில் சொல்லுமாம். "இன்னா சொல்றாரு, எத மொதல்ல தெக்கணும்?" என்று கேட்டேன். போன் ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு ஏதோ சொன்னது. யென்ஸ் என்னைக் கவலையாகப் பார்த்தான். பள்ளிக்கூடத்துத் தமிழ் பேசினால்தான் அதற்குப் புரியும் என்றார்கள். என் வாய்க்கு வருகிற தமிழ் அதற்குத் தெரியாவிட்டால் அது அதன் குறை. மூடிப் பையில் வைத்துவிட்டேன். யென்ஸ் பேசுவதை எனக்குச் சொல்லும்போது மட்டும் வெளியே எடுப்பேன்.

மற்ற நேரத்தில் எங்கள் மூன்று பேருக்கும் ஃபேக்டரி இங்கிலீஷ் போதும். ஸ்டிச், கட், பேர், லெஃப்ட், ரைட், ரிஜெக்ட், அர்ஜென்ட். பேர் என்றால் ஜோடி. இந்த ஏழெட்டு வார்த்தையில் ஒரு குடும்பமே நடத்தலாம்.

டேனிஷ் காதில் எப்படி விழுகிறது என்று சொல்கிறேன். தோலை மடித்துத் தைக்கிற இடத்தில் தடிமனாக இருந்தால் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ஓரத்தை மட்டும் மெல்லிசாகச் சீவுவோம். ஸ்கைவிங் என்று பேர். டேனிஷ்காரர்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஸ்கைவிங் போடுகிறார்கள். ஆரம்பம் கேட்கிறது. நடு கேட்கிறது. ஓரம் மெலிந்து அடுத்த வார்த்தைக்கு அடியில் போய்விடுகிறது. எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தையல் தெரியாது. நல்ல வேலைதான், காதுக்குத்தான் கஷ்டம்.

தகலாக் அப்படியில்லை. சீவாத தோல். முழுத் தடிமனில் ஒவ்வொரு எழுத்தும் வந்து விழும். இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அதையே இரண்டு தடவை சொல்வார்கள். மெல்ல மெல்ல என்பதற்கு தஹான்-தஹான். யாராவது ஓடினால், வேகமாகத் தைத்தால், டீ சூடாக இருந்தால், எல்லாவற்றுக்கும் நெனிதா அக்கா தஹான்-தஹான் என்பார்.

நாமும் சீவுகிறவர்கள்தான். போய்விட்டான் என்று எங்கள் பக்கத்தில் எவன் சொல்கிறான்? போய்ட்டான் என்பதோடு சரி. ஆகவே டேனிஷைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

வந்தால் ஹாய் என்கிறார்கள். போகும்போது ஹாய் ஹாய். ஒன்று வரவு, இரண்டு போக்கு. அப்புறம் 'நொ' என்று ஒன்று. முதல் நாள் யென்ஸ் எதற்கெடுத்தாலும் நொ என்றான். நான் தைத்ததெல்லாம் வேண்டாம் என்கிறானோ என்று இரண்டு ஜோடியைப் பிரித்து மறுபடி தைத்தேன். பிறகுதான் தெரிந்தது. நொ என்றால் நம்ம ஊர் 'ம்' மாதிரி. குட்டையாகச் சொன்னால் 'அப்படியா'. இழுத்துச் சொன்னால் 'அட, பரவாயில்லையே'. கீழே இறக்கிச் சொன்னால் 'சரி, விதி'. தகலாகில் இந்த வேலையை 'அனோ' பார்க்கிறது. அனோ என்றால் என்ன. வார்த்தை கிடைக்காவிட்டாலும் அனோதான். நாங்கள் இன்னா சொல்கிற மாதிரி.

இன்னொன்று. தகலாகில் இல்லை என்பதற்கு 'ஹிந்தி'. நெனிதா அக்கா இதைச் சொன்னபோது நான் அரிசிப் பானையை வைத்துவிட்டுச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். அதை விளக்க என் இங்கிலீஷ் போதவில்லை.

சாப்பாடு. மதியம் கறுப்பு ரொட்டி. அதன்மேல் பச்சை மீனைப் புளிக்க வைத்துப் போட்டிருந்தார்கள். சூடாக எதுவும் கிடையாது. சாப்பிட்டு எழுந்ததும் எல்லாரும் சமைத்தவரிடம் "தக் ஃபோர் மேத்" என்றார்கள். சாப்பாட்டுக்கு நன்றி. தினமும், மறக்காமல். எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் சமைக்கிறேன். ஒருத்தரும் சொன்னதில்லை. உப்பு ஜாஸ்தி என்று மட்டும் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் டேனிஷ்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். தகலாகிலும் இதற்கு வழக்கம் இல்லையாம். சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சரி.

சாயங்காலம் நெனிதா அக்கா என் பையைப் பிரித்துப் புளியைப் பார்த்தார். "சம்பாலோக்!" என்று கத்தினார். புளிக்கு அவர்கள் பேர். அதைக் கரைத்து மீன் போட்டு ஒரு குழம்பு வைத்தார். நான் மிளகாய்த்தூள் போட்டேன். அவர் ஹிந்தி ஹிந்தி என்றார். போட்டேன். கண்ணில் தண்ணீர் வர இரண்டு பேரும் குடித்தோம்.

ஒரு நாள் தனியாக பஸ்ஸில் போனேன். இறங்க வேண்டிய இடம் வந்தது. பஸ் நிற்கவில்லை. அங்கே இறங்குகிறவர்கள் ஒரு பட்டனை அமுக்க வேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆம்பூர் டவுன் பஸ்ஸில் செய்வதைச் செய்தேன். பக்கத்துத் தகரத்தை உள்ளங்கையால் படபடவென்று தட்டி, "யோவ் நிறுத்துய்யா!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

டிரைவர் அப்படியே பிரேக் போட்டான். யாரோ சக்கரத்தில் விழுந்துவிட்டதாக நினைத்து இறங்கி ஓடிப்போய்க் குனிந்து பார்த்தான். பஸ்ஸில் இருந்தவர்களும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நான் அவனைத் தாண்டி இறங்கி நடந்தேன். "ஹாய் ஹாய்," என்றேன். இரண்டு தடவை. சரியாகத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை. வெளியே போக முடியவில்லை. மேசையில் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்துப் பேர் சொல்லி விளையாடினோம். மேசைக்கு தகலாகில் மேசா. அதற்கே நெனிதா அக்கா எழுந்து குதித்தார். ஷூவுக்கு சப்பாத்தோஸ். எங்கள் லைனில் இலங்கைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் சப்பாத்து என்பாள். அது எப்படி அங்கே போனது, இங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும். டேனிஷில் அதற்கு ஸ்கோ. ஒரு ஷூவுக்கும் ஸ்கோ, நூறு ஷூவுக்கும் ஸ்கோ.

நான் என் கையைக் கிள்ளி தோல் என்றேன். பலாத் என்றார். வாழைப்பழத்தை உரித்து, இதுவும் தோல் என்றேன். அதுவும் பலாத். பையிலிருந்து ஒரு துண்டு லெதரை எடுத்து, இதுவும் தோல்தான் என்றேன். அவரும் பலாத்தான் என்றார். மனுஷன் மேல் இருப்பது, பழத்தின் மேல் இருப்பது, மாட்டின் மேல் இருந்து எங்கள் கைக்கு வருவது, மூன்றுக்கும் எங்கள் இரண்டு பாஷையிலும் ஒரே பேர்.

திங்கட்கிழமை யென்ஸிடம் கேட்டோம். டேனிஷில் மனுஷனுக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, பதனிட்டதற்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனி டப்பாவில். யென்ஸ் அதைப் பெருமையாகச் சொன்னான். பெருமையாக இருக்கட்டும். எனக்கு எங்களுடையதே போதும். சுண்ணாம்புத் தண்ணீரில் கையை விட்டுத் தோல் எடுக்கிறவன் கையும் தோல்தானே. அதைப் பிரித்து வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் என்று ஒன்று, நாங்கள் என்று ஒன்று வைத்திருக்கிறோம் இல்லையா. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். தகலாகிலும் அதே கணக்கு. தாயோ என்றால் நாம். காமி என்றால் நாங்கள். டேனிஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, வி. யென்ஸ் "வி" என்று சொல்லும்போதெல்லாம் எங்களையும் சேர்த்துச் சொல்கிறானா, விட்டுச் சொல்கிறானா என்று நாங்கள் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

அன்று சாயங்காலம் நசீமா போன் செய்தாள்.

"எப்டிக்கீறா அந்தப் பொம்பள? கை வேகமா?"

"வேகம்தான்."

"உன்ன விடவா?"

"தெரியலடி."

"இன்னா தெரியலன்ற? வீட்டு வாடக குடுக்காம ஒக்காந்துக்கினுக்கறேன். நம்ம லைன் விஜயா, பையன காலேஜ்ல இருந்து நிறுத்திட்டா. தெரியலன்னு வந்து நிக்காத, ஆமா."

போனை வைத்தேன். நெனிதா அக்கா அந்தப் பக்கம் அவர் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார். புரியவில்லை. ஆனால் குரல் புரிந்தது. முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் லைனும் மூடிக் கிடக்கிறதாம். மூன்று மாதமாக. அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் புளியைக் கரைத்தார்.

நான் மீனை அலசினேன்.

டெஸ்ட் நாள் வந்தது. எதிரெதிரே இரண்டு மெஷின். ஒரே தோல், ஒரே நூல். வெட்டிய துண்டுகள் இரண்டு குவியலாக. தைத்து முடித்ததைப் போட நடுவில் ஒரே ஒரு டிரே. யென்ஸ் பேசினான். போன் எனக்குத் தமிழில் சொன்னது: "தனித்தனியாக வேலை செய்யவும். ஒருவருக்கொருவர் உதவக் கூடாது." நல்ல சுத்தமான தமிழ். புரிந்தது. தலையாட்டினேன். அவன் மீட்டிங்குக்குப் போய்விட்டான்.

ஆரம்பித்தோம். மெஷின் உயரமான ஆட்களுக்குச் செய்தது. நெனிதா அக்காவுக்கு மிதியில் கால் சரியாக எட்டவில்லை. நுனிக் காலால் மிதித்தார். வேகம் கூடும், குறையும். அடிநூல் சுருண்டது. பிரித்தார். மறுபடி சுருண்டது. அடிநூல் சுற்றிய பாபினை மாற்றினார். அவர் குவியல் அப்படியே நின்றது. என் குவியல் பாதிக்கு வந்துவிட்டது.

எங்கள் லைனில் ஒரு பழக்கம். பக்கத்து ஆள் குவியல் நின்றால் நம் கை அங்கே போகும். வெள்ளிக்கிழமை நசீமா தொழப் போவாள். அவள் குவியல் என் பக்கம் வந்துவிடும். எனக்குத் தலைவலி என்றால் என் குவியல் அவள் பக்கம். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. ஒரு குவியல் நின்றால் அதற்கு அடுத்து பசை போடுகிறவள் சும்மா உட்கார வேண்டும், அவளுக்கு அடுத்தவளும். அதனால் நிற்க விடமாட்டோம். இதற்கு எங்கள் லைனில் பேர் கிடையாது. பேர் வைக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமில்லை.

நெனிதா அக்கா குனிந்து பாபினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் கை போனது.

நான் அதைக் கவனித்தபோது அவர் குவியலில் மூன்றாவது துண்டைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பி வைத்திருக்கலாம். நேரம் இருந்தது. ஐம்பது பேர் முகமும் ஞாபகம் வந்தது. விஜயா பையன் ஞாபகம் வந்தது. நிறுத்தினேன். மெஷின் சத்தம் நின்றதும் நெனிதா அக்கா நிமிர்ந்தார். என் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். தன் குவியலைப் பார்த்தார்.

"தங்காச்சி," என்றார். அவ்வளவுதான்.

நான் மிதியை அழுத்தினேன்.

அவர் மெஷின் சரியானது. ஒரு அட்டைப் பெட்டியைக் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு பறந்தார். நிஜமாகவே வேகமான கை. தன் குவியல் முடிந்ததும் கையை நீட்டி என் குவியலில் மிச்சம் இருந்ததை எடுத்தார். கேட்கவில்லை. எல்லாம் நடு டிரேயில் போய் விழுந்தது. அவருடைய இடது கால், என்னுடைய வலது கால். என்னுடைய இடது, அவருடைய வலது.

யென்ஸ் வந்தான். டிரேயைப் பார்த்தான். சந்தோஷமாக நொ என்றான், இழுத்து. பிறகு கேட்டான்.

"எது யாருடையது?"

நான் மேசையில் கிடந்த நூல் துணுக்கைப் பொறுக்கினேன். நெனிதா அக்கா மெஷினைத் துடைத்தார்.

ஒரு ஜோடியை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துத் திருப்பினான். "இது ரொம்பச் சுத்தம். இதில் இரண்டு கை இருக்கிறது. கஸ்தூரி, இதில் எது நீ?"

வலது கால் நான். பார்த்ததும் தெரிந்தது. முடிக்கிற இடத்தில் நான் வைக்கிற தையல் எனக்குத் தெரியாதா? இடதும் குறை சொல்ல முடியாத தையல். ஆனால் என் வலதைக் காட்டி, வேகமும் நான்தான், அந்த அம்மாள் குவியல் நின்றுவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு விரல் நீட்டினால் போதும். லைன் திறந்துவிடும்.

"ஒன் பேர்," என்றேன். "லெஃப்ட், ரைட், ஒன் பேர். நோ கட்." பிரிக்காதே என்றுதான் சொல்ல வந்தேன்.

"புரியவில்லை. மாடல் ஒரு ஊருக்குத்தான் போகும். யார் தைத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். சரி, நாளைக்குத் தனித்தனி அறையில் மறுபடி தையுங்கள்."

"நோ," என்றேன்.

என் ஊரில் மேனேஜரிடம் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல வாய் வராது. முடியாதுங்க சார் என்று ஆரம்பித்தால் அந்த ங்கவும் சாரும் சேர்ந்து முடியாது என்பதைத் தின்றுவிடும். டேனிஷில் அந்தத் தொல்லை இல்லை. அவனே கொடுத்த நீயை அவனுக்கே கொடுத்தேன்.

"டு, யென்ஸ். லுக். குட் ஸ்கோ?"

"நல்ல ஷூதான்."

"ஃபினிஷ்," என்றேன். ஸ்கோ நல்லாயிருந்தால் வேலை முடிந்தது. போட்டுக்கொள்கிறவன் எந்தக் கால் யார் தைத்தது என்று கேட்கப் போவதில்லை. அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. முகத்தால் சொன்னேன்.

அவன் நெனிதா அக்கா பக்கம் திரும்பினான். அவர் எப்போதும் சார் போடுகிறவர். எழுந்து நின்றார். யென்ஸின் மார்பு உயரம்கூட இல்லை.

"நோ, யென்ஸ்," என்றார். சார் இல்லை.

"இரண்டு பேரும் சேர்ந்து தோற்றதாக நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும்," என்றான்.

"டெல்," என்றேன்.

அவன் ஜோடியை டிரேயில் திரும்ப வைத்தான். "நொ," என்றான். கீழே இறக்கி. டிரேயைத் தூக்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் நசீமாவுக்குச் சொன்னேன். ஒளிக்கவில்லை.

"அறிவு கெட்டவளே," என்றாள். "ஊர்ல தைக்கற மாதிரியே அங்கயும் தெச்சியா? அவ யாருடி உனக்கு?"

"பக்கத்து மெஷின்," என்றேன்.

போனைக் கட் செய்துவிட்டாள்.

கிளம்புகிற நாள் வரை யென்ஸ் முடிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காபி கொடுத்தான். ஹாய் ஹாய் சொன்னான். நெனிதா அக்காவுக்கு மிச்சப் புளியைக் கொடுத்தேன். அவர் ஊரில் கிடைக்காததா? வாங்கிக்கொண்டார். விமான நிலையத்தில் அவர் வரிசை ஒரு பக்கம், என் வரிசை ஒரு பக்கம். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"தஹான்-தஹான்!" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கை காட்டினேன். நிற்கவில்லை. நின்றால் கஷ்டம்.

ஊரில் பாபு சார் என்னை நிற்க வைத்துக் கேட்டார். "ஜெயிச்சிக்கினு வான்னு அனுப்பனா, எதிராளிக்கு தெச்சிக் குடுத்துட்டு வந்துகீற. இங்கிலீஷ் தெரியாதவள அனுப்பனது என் தப்பு."

"இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன் சார்," என்றேன்.

நசீமா என்னோடு பேசவில்லை. தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் போனாள். அது மட்டும் பேஜாராக இருந்தது. மற்றவர்கள் திட்டினார்கள். திட்டட்டும். திட்ட உரிமை இருக்கிறது.

சில வாரம் கழித்து டென்மார்க்கிலிருந்து செய்தி வந்தது. மாடல் இரண்டாகப் பிரிந்தது. பாதி மரிகினாவுக்கு, பாதி எங்களுக்கு. காரணம் சொல்லவில்லை. யென்ஸ் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை.

பாபு சார் கூப்பிட்டார். "பாதி ஆர்டர்தான். பாதி மெஷின்தான் ஓடும். இருபத்தஞ்சு பேர் போதும். யார் யார்னு நீயே சொல்லு. நீதான பெரிய மனுஷி."

ஐம்பது பேரில் பாதி. என் வாயால்.

"சொல்ல மாட்டேன் சார்."

"அப்ப நான் சொல்றேன்."

"நீங்க சொன்னாலும் எல்லாரும்தான் வருவோம்."

இதை நான் தைரியமாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் வருவார்களா என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு வீடு வீடாகப் போனேன். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், ஒருத்தி தைத்தால் ஒருத்தி பசை போடுவது, சம்பளம் ஆளுக்குப் பாதி என்று சொன்னேன். கலா ஒத்துக்கொள்ளவில்லை. பாதிச் சம்பளத்தில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கேட்டாள். அவள் ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு பேரும் போனார்கள். விஜயா வருவதாகச் சொன்னாள். ஆனால் பையனை மறுபடி காலேஜுக்கு அனுப்பப் பாதிச் சம்பளம் பத்தாது என்றும் சொன்னாள்.

நசீமா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். கதவைத் திறந்து நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அந்தப் பொம்பளைக்கு லைன் தொறந்துதா?" என்றாள்.

"பாதி."

"அங்கயும் பாதிதானா?"

"ஆமா."

கதவைச் சாத்திவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாசலில் நின்றோம். வாட்ச்மேன் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். பாபு சார் வந்து பார்த்தார். திரும்பிப் போனார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனோம்.

என் மெஷினில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நசீமா. பின் கேட் வழியாக வந்துவிட்டாள்.

"மொதல்ல நான் தெக்கறேன். நீ பசை போடு," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. "உன்கூட இன்னும் பேசல. ஞாபகம் வெச்சிக்கோ."

பசை டப்பாவைத் திறந்தேன்.

புது மாடல் தைத்துக்கொண்டிருக்கிறோம். இடது கால் ஒருத்தி, வலது கால் ஒருத்தி. யார் தைத்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வதாக இல்லை.